நிறைவேறிய மசோதா எங்கே போகிறது?

#1 மூன்றாம் ஷிஃப்ட்

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி.

2023 ஏப்ரலில் ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 21ஆம் தேதி சாயங்காலம் கேண்டீன் டிவியில் "12 மணி நேர வேலை மசோதா சட்டசபையில் நிறைவேறியது" என்று ஓடியது. மறுநாளே எங்கள் சூப்பர்வைசர் "சட்டம் வந்தாச்சுப்பா, இனிமே நாலு நாள் வேலை, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனார். நாங்களும் நம்பிவிட்டோம். பஸ் ரூட் மாறுமா, ஓவர்டைம் கிடைக்குமா என்று இரண்டு நாள் அதே பேச்சு. 24ஆம் தேதி நிறுத்தி வைத்ததாகச் செய்தி. மே 1 அன்று வாபஸ் என்று முதல்வரே மேடையில் சொன்னார்.

சந்தோஷம்தான். ஆனால் சபையில் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய ஒன்று எப்படிப் பத்து நாளில் காணாமல் போகும்? அப்படியானால் "நிறைவேறியது" என்பதற்கு என்னதான் அர்த்தம்?

#2 மேசை தட்டி

மேசையைத் தட்டினார்கள் என்று அர்த்தம். என் பெயரைப் பார்த்தாலே புரியவில்லையா?

#3 பழைய பிரிவு அலுவலர்

தம்பி, நான் தலைமைச் செயலகத்தில் பல துறைகளில் கோப்பு தள்ளி ஓய்வு பெற்றவன். தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒன்று: எங்கள் ஊர்க் காகிதத்தில் அதன் பெயர் சட்டமுன்வடிவு. பத்திரிகைக்குத்தான் மசோதா. நீங்கள் மசோதா என்றே சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டிவியில் நீங்கள் பார்ப்பது கல்யாணத்தில் தாலி கட்டும் நிமிடம் மாதிரி. பெண் பார்த்தது, சீர் பேசியது எல்லாம் அதற்கு முன்னாலேயே முடிந்திருக்கும். சம்பந்தப்பட்ட துறை ஒரு குறிப்பு எழுதும். சட்டத் துறை அதை வரைவாக மாற்றும். பெரும்பாலும் முதலில் ஆங்கிலத்தில்தான் வரும், தமிழ் பின்னால் வரும். செலவு உண்டென்றால் நிதித் துறை இசைவு தர வேண்டும். அப்புறம் அமைச்சரவை. இந்தப் பயணத்தில்தான் ஒரு மசோதாவின் உயிர்நாடி முடிவாகிறது. "வேண்டும்" என்று இருந்தது "லாம்" என்று மாறும். "அரசு" என்று இருந்தது "அரசு குறித்துரைக்கும் அதிகாரி" என்று மாறும். அந்த இரண்டு சொல்லுக்காக மாதக்கணக்கில் கோப்பு மேலும் கீழும் போனதை நான் பார்த்திருக்கிறேன். சபையில் அந்த இரண்டு சொல்லைப் பற்றி ஒருவர்கூடப் பேசியதைப் பார்த்ததில்லை.

சபைக்கு வந்த பிறகு நடப்பது இவ்வளவுதான். அமைச்சர் அறிமுகம் செய்வார். எதிர்ப்பு இருந்தால் "அறிமுக நிலையிலேயே எதிர்க்கிறோம்" என்று ஒருவர் எழுந்து சொல்வார், அது அவைக்குறிப்பில் ஏறும். பிறகு ஒருநாள், பெரும்பாலும் கூட்டத்தொடரின் கடைசி நாட்களில், ஆய்வுக்கு எடுத்துக்கொள்வார்கள். பேச விரும்புகிறவர்கள் பேசுவார்கள். பிறகு பிரிவு பிரிவாக: "பிரிவு 2, 3, 4 சட்டமுன்வடிவின் பகுதியாக அமையும்." இதில் ஒரு வேடிக்கை, பிரிவு 1ம் தலைப்பும் கடைசியில்தான் வரும். பிள்ளை பிறந்த பிறகு பெயர் வைப்பது போல. கடைசியாக, நிறைவேற்றலாம் என்று ஒரு தீர்மானம். ஒவ்வொரு கட்டத்திலும் பேரவைத் தலைவர் "ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க" என்பார். சத்தத்தை வைத்து முடிவு.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சபை நிறைவேற்றியதும் அது சட்டம் ஆகிவிடாது. ஆளுநரின் ஒப்புதல் வர வேண்டும், அரசிதழில் சட்ட எண்ணோடு வெளியாக வேண்டும், பல சட்டங்களில் "அரசு அறிவிக்கும் நாளில் நடைமுறைக்கு வரும்" என்று ஒரு வரியும் இருக்கும். அந்த அறிவிக்கையும் வர வேண்டும். உங்கள் சூப்பர்வைசர் மூன்று படி முன்னால் குதித்துவிட்டார்.

#4 குரூப் டூ கனவு

ஐயா, ஒரு சந்தேகம். புத்தகத்தில் "மூன்று வாசிப்புகள்" என்று படித்தேன். நீங்கள் சொன்னதில் வாசிப்பே வரவில்லையே? மேலவைக்கும் போக வேண்டும் அல்லவா?

#5 பழைய பிரிவு அலுவலர்

அறிமுகம், ஆய்வு, நிறைவேற்றம். அதைத்தான் மூன்று வாசிப்பு என்கிறார்கள் மகளே. யாரும் வாசிப்பதில்லை, அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

மேலவை நமக்கு 1986 நவம்பர் 1 முதல் கிடையாது. 2010இல் திரும்பக் கொண்டுவர நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. இன்றுவரை அந்த அவை கூடவில்லை. பார்த்தீர்களா, ஒப்புதலும் வாங்கி அரசிதழிலும் வந்த சட்டம்கூட நடைமுறைக்கு வராமல் கிடக்கலாம்.

#6 கறுப்பு அங்கி

பெரியவர் நன்றாகச் சொன்னார். நான் வக்கீல், அந்த 12 மணி நேர விஷயத்தை மட்டும் கொஞ்சம் பிரிக்கிறேன்.

அது தனிச் சட்டம் இல்லை. மத்திய அரசின் 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு மட்டும் 65ஏ என்று ஒரு பிரிவைச் சேர்க்கும் திருத்தம். வேலை நேரம், வார விடுமுறை, ஓவர்டைம் பற்றிய பிரிவுகளிலிருந்து சில தொழிற்சாலைகளுக்கு விலக்குத் தர அரசுக்கு அதிகாரம் கேட்டது. "எல்லோருக்கும் 12 மணி நேரம்" என்று அதில் எழுதியிருக்கவில்லை, "விலக்கு அளிக்கலாம்" என்று இருந்தது. பெரியவர் சொன்ன அந்த "லாம்"தான். தொழிலாளர் நலம் பொதுப் பட்டியலில், அதாவது மத்திய அரசும் மாநிலமும் இரண்டுமே சட்டம் போடக்கூடிய விஷயங்களின் பட்டியலில் வருவது. மத்திய சட்டத்தோடு மோதுகிற மாநிலச் சட்டம் இங்கே செல்ல வேண்டுமானால், அரசியலமைப்பின் 254ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் வரை போய் ஒப்புதல் வாங்க வேண்டும். எனவே மறுநாள் காலையில் உங்கள் கம்பெனியில் ஷிஃப்ட் மாற வாய்ப்பே இல்லை.

ஜல்லிக்கட்டுக்கும் இதே வழிதான். 2017 ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம், 23 அன்று சபையில் மசோதா, 31 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். மெரினாவில் அத்தனை கூட்டம் உட்கார்ந்திருந்தால் கோப்புக்கு இறக்கை முளைக்கும்.

#7 மூன்றாம் ஷிஃப்ட்

நன்றி சார். ஆனால் இன்னும் ஒன்று உறுத்துகிறது. சபை நிறைவேற்றிவிட்டது. ஆளுநருக்கு அனுப்பாமல் அரசே நிறுத்திக்கொள்ள முடியுமா? சபை பெரியதா, அரசு பெரியதா?

#8 கறுப்பு அங்கி

கேட்டீர்களே ஒரு கேள்வி. அரசியலமைப்பின் 200ஆம் பிரிவு, நிறைவேறிய மசோதா ஆளுநரிடம் "அளிக்கப்பட வேண்டும்" என்கிறது. எத்தனை நாளுக்குள் என்று சொல்லவில்லை. ஆளுநர் எத்தனை நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றும் சொல்லவில்லை. இரண்டாவது மௌனத்தைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறோம். முதல் மௌனத்தை யாரும் பேசுவதில்லை. 2023 ஏப்ரலில் அந்த மௌனம் தொழிலாளிக்குச் சாதகமாக இருந்தது, அதனால் நாமும் கேட்கவில்லை.

கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்த பிறகு, சட்டமுன்வடிவின் மீதான மேல்நடவடிக்கையை நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். பிறகு மே தினத்தன்று சிந்தாதிரிப்பேட்டை மே தினப் பூங்காவில் வாபஸ் அறிவிப்பு. முடிவு நல்லது. வழி சரியா என்று கேட்டால், சபை நிறைவேற்றியதைச் சபையில்தான் திரும்பப் பெற வேண்டும் என்பது என் வாதம். இங்கேயே என்னோடு உடன்படாத வக்கீல்கள் இருப்பார்கள்.

#9 மேசை தட்டி

சிரிப்புக்காக எழுதினேன், இப்போது சீரியஸாகவே கேட்கிறேன். சத்தத்தை வைத்து முடிவு என்றால், யார் சத்தம் அதிகம் என்று யார் சொல்வது? 234 பேரில் பாதிப் பேர் கேண்டீனில் இருந்தாலும் நிறைவேறுமா?

#10 பழைய பிரிவு அலுவலர்

நிறைவேறும். வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை இருந்தால் போதும். சந்தேகம் வந்தால் உறுப்பினர் எழுந்து டிவிஷன் கேட்கலாம். அப்போது எண்ணியாக வேண்டும். கேட்பதுதான் அபூர்வம், தோற்பது தெரிந்தே யார் கேட்பார்கள்? 2023 ஏப்ரல் 10 அன்று எண்ணினார்கள். ஆளுநரைப் பற்றிப் பேச விதியைத் தளர்த்த வேண்டியிருந்தது, அதற்கு 144 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. அந்த நாளுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது: தேர்வுக் குழு. ஒரு மசோதாவை அவசரப்படாமல் உறுப்பினர்கள் குழுவுக்கு அனுப்பிப் பிரிவு பிரிவாக அலச விதி இடம் தருகிறது. நான் வேலை பார்த்த காலத்தில் "தேர்வுக் குழுவுக்கு அனுப்புக" என்று எதிர்க்கட்சி கேட்கும், ஆளுங்கட்சி மறுக்கும். கட்சிகள் இடம் மாறி உட்கார்ந்தால் வசனமும் இடம் மாறும்.

#11 அடுப்படி அரசியல்

ஏப்ரல் 10 கதையை நான் சொல்கிறேன். எனக்கு அது டிவியில் பார்த்த கதை இல்லை. என் சித்தி மகன் ரம்மி ஆப்பில் பணத்தை விட்டவன். எந்த ஆப் என்பதை விட்டுவிடுங்கள். அம்மாவின் வளையல் வரை போனது. அதனால் ஆன்லைன் சூதாட்டத் தடை மசோதா எங்கே நிற்கிறது என்று எங்கள் வீட்டில் தினமும் பார்ப்போம், கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பது போல.

முதலில் 2021இல் ஒரு சட்டம் போட்டார்கள். அந்த ஆகஸ்டிலேயே உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. வேறு சட்டம் கொண்டுவரத் தடையில்லை என்றும் சொன்னது. 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் குழு, அதே மாதம் அறிக்கை. அக்டோபர் 1 அன்று ஆளுநர் அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அப்பாடா என்று இருந்தது. அதே அக்டோபர் 19 அன்று சபை அதற்குப் பதிலாக மசோதாவை நிறைவேற்றியது. அதே ஆளுநரிடம்தான் போனது. இந்தத் தடவை கையெழுத்து வரவில்லை! விளக்கம் கேட்டார், அரசு உடனே பதில் அனுப்பிவிட்டதாகச் சொன்னது. நவம்பர் இறுதியில் அவசரச் சட்டமும் காலாவதி ஆகிவிட்டது. அதாவது, இருந்த சட்டமும் போச்சு, வர வேண்டிய சட்டமும் வரவில்லை. என் சித்தி மகன் டிசம்பரில் மறுபடியும் ஆட ஆரம்பித்தான். "இப்போ சட்டப்படி தப்பில்லக்கா" என்று என்னிடமே சொன்னான்.

மார்ச் மாதம் மசோதா திரும்பி வந்தது, மாநிலத்துக்கு இந்த அதிகாரம் இல்லை என்று. மார்ச் 23 அன்று சபை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரல் 10 அன்று ஆளுநருக்குக் காலக்கெடு வேண்டும் என்று சபையில் தீர்மானம் போட்டார்கள். அன்றைக்கே ஒப்புதல் வந்த செய்தியும் வந்தது.

#12 குரூப் டூ கனவு

அக்கா, படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. தம்பி இப்போது எப்படி இருக்கிறான்?

அவசரச் சட்டம் ஏன் தானாகக் காலாவதி ஆனது என்று யாராவது சொல்லுங்களேன். ஆறு மாதம் என்று நான் படித்தேன்.

#13 கறுப்பு அங்கி

ஆறு மாதம் இல்லை, சபை மறுபடி கூடிய நாளிலிருந்து ஆறு வாரம். 213ஆம் பிரிவு. அக்டோபர் 17 அன்று சபை கூடியது, அங்கிருந்து எண்ணிப் பார். சபை கூடாத சமயத்தில் அவசரத்துக்குப் போட்டது, கூடிய பிறகு சபைதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது கணக்கு. சபை பார்த்துக்கொண்டது. கோப்பு வேறு இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

கதை அங்கேயும் முடியவில்லை. 2023ஆம் ஆண்டின் 9ஆவது சட்டமாக அது வந்த பிறகு கம்பெனிகள் உயர் நீதிமன்றம் போயின. நவம்பர் 9 அன்று தீர்ப்பு: சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் சூதாட்டம் என்று சேர்த்த அட்டவணை செல்லாது, அவை திறமை விளையாட்டு.

ஒப்பிட்டுப் பாருங்கள். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இதே விஷயத்துக்குச் சட்டம் போட்டது. 20 அன்று மக்களவை, 21 அன்று மாநிலங்களவை, 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல். மூன்றே நாள். நமக்கு ஆறு மாதம் இழுத்தது தப்பு. மூன்று நாளில் முடிப்பது சரியா என்றால் அதிலும் எனக்குச் சந்தேகம்தான். மக்களவையில் அறிமுகமும் நிறைவேற்றமும் ஒரே நாள். எந்த உறுப்பினர் எப்போது படித்தார்?

#14 அடுப்படி அரசியல்

@குரூப் டூ கனவு, இப்போது பரவாயில்லை. வேலைக்குப் போகிறான். போன் மட்டும் பழைய பட்டன் போன்.

@கறுப்பு அங்கி, மூன்று நாளில் வந்தது தப்பு என்று எங்கள் சித்தியிடம் வந்து சொல்லிப் பாருங்கள்.

#15 கறுப்பு அங்கி

வாயை மூடிக்கொள்கிறேன் அம்மா.

#16 திண்ணைத் தாத்தா

ஒரு விஷயம் விட்டுப்போச்சு. கையெழுத்து வராத நேரத்தில் அரசு வேறு வழி கண்டுபிடித்ததும் உண்டு. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் இட ஒதுக்கீடு. 2020 செப்டம்பர் 15 அன்று சபை நிறைவேற்றியது. அப்போது ஆட்சி அதிமுக, ஆளுநர் பன்வாரிலால் புரோகித். வாரங்கள் ஓடின, கலந்தாய்வு நெருங்கியது. அக்டோபர் 29 அன்று மசோதாவுக்குக் காத்திராமல் அரசாணையே போட்டுவிட்டார்கள். மறுநாள் ஒப்புதல் வந்தது! ஆகவே இது ஒரு கட்சிக்கும் ஒரு ஆளுநருக்கும் உள்ள சண்டை மட்டும் இல்லை.

#17 மேசை தட்டி

சரி தாத்தா, ஆனால் எல்லாவற்றுக்கும் அரசாணை போட முடியாதே. நீட் விலக்கு மசோதாவைப் பாருங்கள். 2021 செப்டம்பர் 13 நிறைவேற்றம். 2022 பிப்ரவரியில் திரும்பி வந்தது. பிப்ரவரி 8 அன்று சிறப்புக் கூட்டம் போட்டு மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். குடியரசுத் தலைவருக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் சபையில் சொன்னார். 2017இல் நிறைவேற்றிய இரண்டு மசோதாவுக்கும் அதே கதி. எட்டு வருஷம், மூன்று மசோதா, இரண்டு ஆட்சி. மேசை தட்டிய சத்தம் மட்டும் மிச்சம்.

#18 மூன்றாம் ஷிஃப்ட்

இடையில் தேர்தல் வந்து சபை கலைந்தால் கையெழுத்துக்குக் காத்திருக்கும் மசோதா என்ன ஆகும்?

#19 கறுப்பு அங்கி

சபையிலேயே நிலுவையில் இருப்பது சபையோடு போய்விடும். சபை நிறைவேற்றி ஒப்புதலுக்குக் காத்திருப்பது போகாது. கேரள நிலச் சீர்திருத்த மசோதா வழக்கில் 1961இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

அதற்கு நம் ஊரிலேயே அழகான சாட்சி உண்டு. 2023 நவம்பர் 13 அன்று ஆளுநர் ரவி பத்து மசோதாக்களுக்கு ஒப்புதலை நிறுத்தி வைத்துத் திருப்பி அனுப்பினார். பெரும்பாலானவை பல்கலைக்கழகத் துணைவேந்தர் நியமனம் சம்பந்தப்பட்டவை. அதில் இரண்டு 2020 ஜனவரியில் அதிமுக ஆட்சியில் நிறைவேறியவை, மீன்வளப் பல்கலைக்கழகம் ஒன்று, கால்நடைப் பல்கலைக்கழகம் ஒன்று. நடுவில் தேர்தல் நடந்து ஆட்சியே மாறிவிட்டது. மசோதா மட்டும் அங்கேயே இருந்தது. நவம்பர் 18 அன்று திமுக அரசு சிறப்புக் கூட்டம் கூட்டிப் பத்தையும், எதிர்க்கட்சி காலத்து இரண்டையும் சேர்த்து, மறுபடி நிறைவேற்றியது.

200ஆம் பிரிவின்படி, திருப்பி அனுப்பியதைச் சபை மறுபடி நிறைவேற்றினால் ஆளுநர் ஒப்புதலை நிறுத்தி வைக்கக் கூடாது. அவர் நவம்பர் 28 அன்று பத்தையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பிவிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அது செல்லாது என்றது. ஆளுநருக்கு ஒரு மாதம், மூன்று மாதம் என்று காலக்கெடு போட்டது. முழு நீதி வழங்க உச்ச நீதிமன்றத்துக்குத் தனி அதிகாரம் தரும் 142ஆம் பிரிவைக் கையில் எடுத்து, பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றும் சொன்னது. சில நாளில் ஆளுநர் கையெழுத்தே இல்லாமல் பத்துச் சட்டங்களும் அரசிதழில் வந்தன.

#20 பழைய பிரிவு அலுவலர்

அந்த அரசிதழை இறக்கி வைத்திருக்கிறேன். என் காலத்தில் "ஆளுநரின் இசைவு பெற்றது" என்ற வரி இல்லாமல் ஒரு சட்டத்தை அச்சகத்துக்கு அனுப்பியிருந்தால் என்னைப் பணிநீக்கமே செய்திருப்பார்கள்.

@மூன்றாம் ஷிஃப்ட், உங்களுக்கு ஒரு உபயோகமான விஷயம். அடுத்த தடவை சூப்பர்வைசர் "சட்டம் வந்தாச்சு" என்றால், தமிழ்நாடு அரசிதழைப் பாருங்கள். பகுதி 4, பிரிவு 1இல் இருந்தால் அது வெறும் மசோதா. பிரிவு 2இல் வந்தால்தான் சட்டம். மசோதாவின் கடைசிப் பக்கத்தில் "நோக்கக் காரண விளக்கவுரை" என்று ஒன்று இருக்கும். அதை முதலில் படியுங்கள். யார் கேட்டு இது வந்தது என்பது சில நேரம் அங்கேயே தெரிந்துவிடும்.

#21 மூன்றாம் ஷிஃப்ட்

குறித்துக்கொண்டேன் ஐயா. யூனியன் நோட்டீஸ் போர்டில் எழுதிப் போடுகிறேன்.

#22 குரூப் டூ கனவு

கடைசியாக ஒன்று, சார். தேர்வில் "மசோதா மீது முடிவெடுக்க ஆளுநருக்கு எவ்வளவு காலம்?" என்று கேட்டால் மூன்று மாதம் என்று எழுதலாமா?

#23 கறுப்பு அங்கி

வேண்டாம். ஏப்ரல் தீர்ப்புக்குப் பிறகு, மே மாதம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் சொன்ன கருத்து: நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, "ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது" என்பதும் கிடையாது. அதே சமயம் ஆளுநர் மசோதாவைத் திருப்பி அனுப்பாமல் சும்மா நிறுத்தி வைக்கவும் முடியாது. காரணம் சொல்லாமல் நீண்ட காலம் இழுத்தால், "ஏதாவது ஒரு முடிவு எடுங்கள்" என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம்.

ஆகவே "கால வரம்பு குறிப்பிடப்படவில்லை" என்ற விடை இருந்தால் அதைத் தேர்வு செய். 2025 ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் நடுவில் தேர்வு எழுதியிருந்தால் வேறு விடை.

#24 குரூப் டூ கனவு

நான் ஜூலையில்தான் ஒரு மாதிரித் தேர்வு எழுதினேன். "கால வரம்பு இல்லை" என்று போட்டு மார்க் போச்சு.